மே மாதப் பில்

அன்புள்ள வித்யாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். சாரல் தொடங்கிவிட்டது. நீ அனுப்பிய எலக்ட்ரிக் கார் படமும் வந்தது, மே மாதக் கரண்ட் பில்லும் வந்தது. சொந்தச் சம்பளத்தில் வாங்கியிருக்கிறாய், தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டேன். வாங்கும் முன்னால் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நம் நாட்டு மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியை எரித்து வருவதால், நிலக்கரியில் ஓடும் கார் என்று ஆபீசில் கேலி செய்கிறார்களாமே, அதில் பாதி உண்மை. 100 கிலோமீட்டருக்கு பேட்டரி 15 யூனிட் எடுக்கும். சார்ஜ் ஏறும்போது சூடாகப் போவதையும் சேர்த்தால் மீட்டரில் 17. அந்த மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக 12 கிலோ. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் போகும் பெட்ரோல் கார் அதே தூரத்துக்கு 15 கிலோ விடும். இடைவெளி அவ்வளவுதான். பேட்டரி செய்யும்போதே போன கார்பனை ஈடுகட்ட வருஷக்கணக்கில் ஓட்ட வேண்டும். தெருவில் புகை விடாது, டெல்லிக்கு அதுவே பெரிய விஷயம்.

எந்த நேரத்தில் சார்ஜ் போடுகிறாய் என்பதில்தான் மீதி இருக்கிறது. 2024 ஜூன் 19 அன்று டெல்லியின் மின்சாரத் தேவை உச்சமாக 8,656 மெகாவாட் போனது மத்தியானம் மூன்று மணி வாக்கில். ராத்திரி பதினொன்றுக்கு மேல் எல்லா வீட்டு ஏசியும் ஓடும்போது இன்னொரு உச்சம் வரும். அப்போது சூரிய மின்சாரம் கிடையாது, தெரு டிரான்ஸ்ஃபார்மரும் ஆறியிருக்காது. ஆபீசில் காலை பத்திலிருந்து ஒன்றுக்குள் போட்டுக்கொள். வீட்டில்தான் என்றால் விடியற்காலை மூன்றுக்கு மேல் டைமர் வை. ஓட்டி வந்த சூட்டோடு போடாதே.

படத்தில் ஜன்னலிலிருந்து ஒரு மஞ்சள் வயர் தொங்குகிறதே, எக்ஸ்டென்ஷன் பாக்ஸா அது? உடனே கழற்று. மிக்ஸி இரண்டு நிமிஷம் ஓடும். கார் 15 ஆம்பியரை ஏழெட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். முதலில் பிளக் காலைச் சுற்றிப் பழுப்பேறும், அப்புறம் உருகும். மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, தூரம் அதிகமென்றால் 6. லோடு மீறினால் தானே அணையும் 20 ஆம்பியர் எம்சிபி, கரண்ட் கசிந்தால் அணையும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, இரண்டும் போடச் சொல். எர்த் சரியில்லை என்று சார்ஜர் சிவப்பு லைட் காட்டினால் எலக்ட்ரீஷியன் நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்குக்குள் சேர்த்துக் கட்டிவிடுவான், லைட் பச்சையாகிவிடும். அப்படிக் கட்ட விடாதே. எங்காவது நியூட்ரல் கம்பி விட்டுப்போனால் கார் பாடியில் 230 வோல்ட் நிற்கும்.

பில்லில் 190 யூனிட். போன வருஷம் மே மாதம் 540. கார் வந்தது ஜூனில், அதனால் அது இதில் இல்லை. ஃப்ரிட்ஜுக்கு 40, இரண்டு ஃபேனுக்கு 70, வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ், லைட் எல்லாம் போட்டாலே 190 வந்துவிடுகிறது. ஒரு ஏசி ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் மாதம் 240 ஆகும். அப்படியானால் ஏசி ஓடவே இல்லை. 200-க்குள் நின்றால் டெல்லியில் பில் பூஜ்யம் என்று எனக்கும் தெரியும். அதற்காக அந்த வெக்கையில் படுக்க வேண்டாம்மா. ஏசியை 26 டிகிரியில் வைத்து ஃபேனையும் போடு. மாப்பிள்ளைக்கு ஏசி இல்லாமல் தூக்கமே வராது என்பாயே.

மஞ்சள் வயரைக் கழற்றிவிட்டாயா என்று எழுது. புது லைன் இழுக்கும்போது கூட நின்று பார்த்தால் எனக்கு நிம்மதி. திருக்குறள் எக்ஸ்பிரஸில் நிஜாமுதீன் வந்து இறங்கிவிடுவேன். மாப்பிள்ளை ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், ஆட்டோ பிடித்துக்கொள்கிறேன். எந்த வாரம் உனக்குத் தோது?

அம்மா