ஏற்காடு கோடை விழாவுக்கு முன் ஒரு வேண்டுகோள்

சேலம் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். நுண்ணுயிர் ஆய்வகங்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது அஸ்தம்பட்டியில் குடியிருப்பவன் நான். கோடை விழாக் கூட்டம் மலையேறத் தொடங்கும் முன், முட்டை, கோழிக்கறி, பால் பொருள்கள் ஆகியவற்றில் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் உண்டாக்கும் சால்மோனெல்லா என்னும் கிருமி உண்டா என்று பார்ப்பதற்கு மாதிரி எடுக்கும் முறையைப் பற்றி எழுத விரும்புகிறேன். சட்டத்தை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். ஆய்வக மேசையருகே நின்று பார்த்ததை மட்டுமே இங்கே சொல்கிறேன்.

சாயம் கலந்த மிளகாய்த்தூள் பத்து நாள் பையில் கிடந்தாலும் சாயம் அதிலேயே இருக்கும். கிருமி அப்படியன்று. மே மாத வெயிலில் வண்டிக்குள் இரண்டு மணி நேரம் கிடந்த கோழிக்கறியில் வேறு நுண்ணுயிர்கள் பெருகிச் சால்மோனெல்லாவை மறைத்துவிடக்கூடும்; துப்புரவற்ற பையிலிருந்து கிருமி ஒட்டிக்கொண்டால், செய்யாத குற்றத்துக்குக் கடைக்காரர் பதில் சொல்ல நேரும். நான் வேலை பார்த்த ஓரிடத்துக்குக் கிருமிச் சோதனை கேட்டு வந்த பால் மாதிரியில், வேதியியல் சோதனைக்குச் செய்கிற வழக்கப்படியே யாரோ கிருமிகளைக் கொன்றுவிடும் ஃபார்மலின் விட்டிருந்தார்கள். மூடியைத் திறந்ததும் நெடி காட்டிக்கொடுத்ததால் திருப்பி அனுப்பினோம். இல்லையென்றால் "சால்மோனெல்லா இல்லை" என்று மனச்சாட்சிக்கு விரோதமில்லாமலே ஒரு பொய்யறிக்கை போயிருக்கும்.

சோதனையும் பொறுமையைக் கேட்பது. 25 கிராம் உணவை 225 மில்லி ஊட்டக் கரைசலில் கலந்து 37 டிகிரியில் சுமார் 18 மணி நேரம் வைக்கிறோம். குளிரிலும் உலர்விலும் நலிந்துபோன கிருமிகள் தேறி எழுவதற்கான அவகாசம் அது. அடுத்த நாள் மற்றவற்றை அடக்கிச் சால்மோனெல்லாவை மட்டும் வளரவிடும் கரைசல்கள், அதன்பின் கிருமியை வளர்த்து நிறம் பார்க்கும் எக்ஸ்எல்டி தட்டு. அதில் நடுவே கறுத்த சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலும் உறுதிப்படுத்தும் சோதனைகள் மிச்சமிருக்கும். எல்லாம் முடிய ஏறத்தாழ ஐந்து நாள் ஆகும். ஆகவே மாதிரியைத் திங்கட்கிழமை காலையில் எடுப்பது நல்லது. வெள்ளிக்கிழமை மாலை வந்து சேர்ந்து, ஞாயிறு முழுவதும் யாரும் தொடாமல் கிடந்த மாதிரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு மாதிரி போதாது என்பதையும் சொல்ல வேண்டும். பால் பொருள்களுக்கான விதி ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து ஐந்து மாதிரிகள் கேட்கிறது. ஐந்தில் ஒன்றின் 25 கிராமில்கூடச் சால்மோனெல்லா இருக்கக் கூடாது. முட்டையில் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை. சால்மோனெல்லா என்டரைட்டிடிஸ் என்னும் வகை கோழியின் சினைப்பையிலிருந்தே முட்டைக்குள் புகக்கூடியது என்பதால், ஓடு பளிச்சென்று இருப்பது எதற்கும் சான்றாகாது. பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்ததற்கும் இந்த அச்சமே அடிப்படை.

எனவே ஏற்காட்டின் ஒண்டிக்கடைப் பகுதியில் ஆம்லெட் போடும் தள்ளுவண்டிக்காரரிடம் நான்கு முட்டை எடுப்பதோடு நின்றுவிடாமல், நாமக்கல் பக்கத்திலிருந்து முட்டை அட்டைகள் வந்திறங்கும் சேலத்து மொத்தக் கிடங்குகளிலும் தொகுதி வாரியாக மாதிரி எடுக்க வேண்டுகிறேன். தள்ளுவண்டிக்காரர் வாங்கி விற்கிறவர். பண்ணையில் புகுந்த கிருமியை அவருக்கு விதிக்கும் அபராதம் போக்காது. ஆனால் அவருடைய வெட்டுப்பலகையும் கைதுடைக்கும் துணியும் அவர் பொறுப்புதான், அவற்றையும் பஞ்சுக்குச்சியால் ஒற்றியெடுத்துச் சோதிக்கலாம்.

மாதிரி எடுக்கச் செல்பவர் கையில் கிருமி நீக்கிய கலமும் கரண்டியும் ஐஸ் பெட்டியும் இருக்கட்டும். சேலத்திலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. சோதனை எந்த ஆய்வகத்தில் நடந்தாலும், மலையில் காலையில் எடுத்தது அன்றே அங்கு சேரட்டும். விழா முடிந்ததும் முடிவுகளை வெளியிடும்போது, எத்தனை மாதிரிகள், ஆய்வகத்தை அடைந்தபோது என்ன வெப்பநிலை என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளன்,
அஸ்தம்பட்டி, சேலம்.