சாயக்கழிவுநீரிலேயே சோதிக்கச் சொல்லுங்கள்

நானோ ஆய்வுத் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். ஒளி பட்டால் சாயத்தை உடைக்கும் துத்தநாக ஆக்சைடு நானோ தூளை அசல் சாயக்கழிவுநீரில் சோதிக்கக் கேட்ட தொகையை இந்த முறையும் வெட்டிவிட்டீர்கள். மெத்திலீன் புளூ என்ற ஆய்வகச் சாயத்தின் கரைசலில் நிறம் போனதே போதும் என்று குறிப்பும் எழுதியிருக்கிறீர்கள். போதாது, ஐயா.

துத்தநாக ஆக்சைடு செய்வது இன்று பெரிய வித்தையல்ல. 0.1 மோலார் துத்தநாக அசிடேட்டைக் கலக்கிக்கொண்டே சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பி.எச். 10 வந்ததும் நிறுத்தி, வெண்படிவைக் கழுவி, 80 டிகிரியில் உலர்த்தி, 400 டிகிரியில் 2 மணி நேரம் சுட்டால் தூள் தயார். சரியாகக் கழுவாவிட்டால் சோடியம் தங்கும். சூடு கூடினால் துகள்கள் ஒட்டிப் பருத்துவிடும். இதையெல்லாம் மாணவர்களே சமாளிக்கிறார்கள்.

தகராறு தண்ணீரில்தான். திருப்பூர்ப் பட்டறைகளில் பருத்திக்குப் போடுவது ரியாக்டிவ் சாயம். அடர்நிறம் ஏற்ற லிட்டருக்கு 50 முதல் 80 கிராம் உப்பு போடுகிறார்கள். சாயம் பிடிக்கச் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்). சாயத்தொட்டியில் பி.எச். 10-ஐத் தாண்டும். அந்தக் காரத்தில் துத்தநாக ஆக்சைடின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் பெறும். ரியாக்டிவ் சாயமும் எதிர்மின் அயனி. ஒன்றையொன்று தள்ளும். மெத்திலீன் புளூ நேர்மின் சாயம் என்பதால் உடனே ஒட்டிக்கொள்கிறது. பாதி நிறம் வெறும் ஒட்டலால்கூடப் போயிருக்கலாம். இருட்டில் வைத்துப் பார்க்காமல் அது தெரியாது. போதாக்குறைக்கு, ஒளியில் தூள் உண்டாக்கும், சாயத்தை உடைக்க வேண்டிய ஹைட்ராக்சில் ராடிக்கல்களைச் சோடா ஆஷின் கார்பனேட்டும் உப்பின் குளோரைடும் தின்றுவிடுகின்றன. டிஸ்டில்டு வாட்டரில் இவை எதுவுமே இல்லை.

ஆகவே மறுபடியும் கேட்கிறோம்: சாயக்கழிவுநீரிலேயே சோதிக்கச் சொல்லுங்கள்.

சாயத்துக்கு நிறம் தரும் அசோ பிணைப்பு (இரு நைட்ரஜன் அணுக்களின் இணைப்பு) அறுந்தாலே நிறம் போய்விடும். ஆனால் அதன் துண்டுகளான அரோமாட்டிக் அமீன்கள் தண்ணீரிலேயே கிடக்கும். தண்ணீரில் மிஞ்சிய கரிமப் பொருளைக் காட்டும் மொத்தக் கரிமக் கார்பனை அளக்காத அறிக்கையை எப்படி ஏற்றுக்கொள்கிறீர்கள்? 50 மில்லியில் தூளைச் சென்ட்ரிபியூஜில் பிரித்துவிடலாம். டேங்க் கணக்கில் வரும் நீரில் எப்படிப் பிடிப்பது? கரைந்துபோகும் துத்தநாகம் லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரம்புக்குள் இருக்கிறதா என்று யார் பார்ப்பது?

ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கியதும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். அத்தனைக்குப் பிறகும் கட்டுரைகளின் எண்ணிக்கையை வைத்து நிதி பிரிப்பது எங்களுக்குப் பொறுக்கவில்லை.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். அடுத்த அறிவிப்பிலேயே உப்போடும் காரத்தோடும் கூடிய அசல் கழிவுநீர்ச் சோதனையைக் கட்டாயமாக்கி, அதற்கான செலவையும் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
நீர்ச் சுத்திகரிப்பு ஆய்வாளர்கள்