தவறாவரம் இல்லாத போதனையும் போதனையே

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கத்தோலிக்கர் கட்டாயம் ஏற்கவேண்டியவை எவை என்பது பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளியான வாசகர் கடிதத்தைப் படித்தேன். பாப்பரசர்கள் தவறாவரத்தோடு, அதாவது விசுவாசம், ஒழுக்கம் பற்றிய முடிவான அறிவிப்பில் தவறிழைக்காத வரத்தோடு, அறிவித்தவை 1854இல் அன்னை மரியாவின் அமலோற்பவம் (சென்மப்பாவமின்றி அவர் கருவானது), 1950இல் அவரது விண்ணேற்பு ஆகிய இரண்டு மட்டுமே என்றும், மற்றவை எல்லாம் கருத்துகள், அவற்றை ஏற்பதும் விடுவதும் அவரவர் விருப்பம் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. திருகோணமலையில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கும் நான் இதே வாதத்தை உயர்தர மாணவர்களிடமும் அவர்களின் பெற்றோரிடமும் கேட்டுவருகிறேன். பதில் எழுதாமல் விட மனம் ஒப்பவில்லை.

அந்த இரண்டு என்ற கணக்கையே முதலில் பார்ப்போம். இயேசு கிறிஸ்து தந்தையோடு ஒரே பொருளானவர் என்ற விசுவாசம் அந்தப் பட்டியலில் இல்லை. அதை 325இல் நீசேயாவில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம் அறிவித்தது. அப்படியானால் கிறிஸ்துவின் இறைத்தன்மை நம் விருப்பத்துக்கு விடப்பட்ட கருத்தா? பொதுச்சங்கங்கள் வரையறுத்தவையும், உலகெங்கும் உள்ள ஆயர்கள் பாப்பரசரோடு ஒன்றித்து முடிவானது என ஒருமனதாகக் கற்பித்தவையும் அதே உறுதியோடுதான் நிற்கின்றன. குற்றமற்றவரைக் கொல்வது பாவம் என்பது அப்படிப்பட்ட போதனை. பாப்பரசர் தனித்து அறிவித்தவற்றை மட்டும் எண்ணிவிட்டு விசுவாசத்தை அதற்குள் அடக்குவது பெரும் பிழை.

அடுத்தது, முடிவான வரையறை இல்லாத போதனைகள். ஆயர்களின் மற்றொரு பொதுச்சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கத்தின் 25ஆம் எண் இதைத் தெளிவாகச் சொல்கிறது. பாப்பரசர் தவறாவரத்தைப் பயன்படுத்தாமல் கற்பிக்கும்போதும் விசுவாசிகள் அதை அறிவாலும் மனத்தாலும் பணிந்து ஏற்க வேண்டும். எந்தப் போதனைக்கு எவ்வளவு கனம் என்பதை அந்த ஆவணத்தின் தன்மை, அந்தப் போதனை திரும்பத் திரும்பச் சொல்லப்படும் முறை, சொல்லப்படும் விதம் ஆகியவற்றிலிருந்து அறியலாம் என்றும் அது வழி காட்டுகிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 752ஆம் சட்டமும் இதையே கூறுகிறது. விசுவாசத்துக்குரிய முழு இசைவு வேறு, இந்தப் பணிவு வேறு என்ற வேறுபாடு அதில் உண்டு. அந்த வேறுபாட்டைக் காட்டி, பணிவே தேவையில்லை என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தாய் சத்தியம் செய்து சொன்னதை மட்டுமே கேட்பேன் என்று வளரும் பிள்ளை எந்த வீட்டிலும் இல்லை.

இது வெறும் ஏட்டு விவாதமன்று. நம் ஊரில் இது உரசிப் பார்க்கப்பட்ட நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இலங்கையில் 1976க்குப் பின் யாரும் தூக்கிலிடப்படவில்லை. 2018 யூலையில் போதைப்பொருள் குற்றவாளிகளைத் தூக்கிலிட அமைச்சரவை முடிவெடுத்தது. அடுத்த மாதமே, ஆகஸ்ட் தொடக்கத்தில், மரண தண்டனை ஏற்றுக்கொள்ள முடியாதது என்று திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டின் 2267ஆம் எண்ணைப் பாப்பரசர் பிரான்சிஸ் திருத்தினார். 2019 யூனில் நால்வரைத் தூக்கிலிடும் ஆணையில் கையொப்பமிட்டுவிட்டதாக அப்போதைய ஜனாதிபதி சொன்னார். பின்னர் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது.

அந்த மாதங்களில் ஆலய முற்றத்தில் நான் கேட்ட பேச்சு என்னை இன்றும் வருத்துகிறது. செபமாலை தவறாதவர்கள், கருக்கலைப்பு பற்றிய போதனையில் ஒரு வரியையும் விட்டுக்கொடுக்காதவர்கள், "இவர்களைத் தூக்கில் போட்டால்தான் நாடு திருந்தும், இதில் பாப்பரசருக்கு என்ன தெரியும்" என்றார்கள். போதைப்பொருளால் பிள்ளைகளை இழந்த குடும்பங்களின் கோபம் எனக்குப் புரிகிறது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் 2018இன் திருத்தம் திடீரென வானத்திலிருந்து விழவில்லை. 1995இலேயே இரண்டாம் யோவான் பவுல், குற்றவாளியைக் கொன்றுதான் சமூகத்தைக் காக்க முடியும் என்ற நிலை இன்று மிக அரிது, ஏறத்தாழ இல்லை என்று தம் சுற்றுமடலில் எழுதிவிட்டார். மூன்று பாப்பரசர்கள் ஒரே திசையில் திரும்பத் திரும்பக் கற்பித்த ஒன்றை, தவறாவர முத்திரை இல்லை என்பதற்காக ஆலய வாசலிலேயே உதறிவிட்டு வீட்டுக்குப் போவது எந்த வகைப் பணிவு? தனக்குப் பிடித்த போதனைக்கு மட்டும் தலையசைப்பவர் உண்மையில் தன் சொந்த அபிப்பிராயத்துக்கே தலையசைக்கிறார்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கேடும் இருக்கிறது. சுவாமி பிரசங்க மேடையில் சொன்னது எதுவாயினும் அது திருச்சபையின் போதனை என்று நம்புவோர் நம்மிடையே ஏராளம். திருவிழாப் பவனி எந்தத் தெருவால் போகவேண்டும், அயலிலுள்ள குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தை எந்தக் கிழமையில் வைக்கலாம் என்பதெல்லாம் நிர்வாகம். அவற்றைக் கேள்வி கேட்டவரை விசுவாசமற்றவர் என்று ஒதுக்குவது அநியாயம். அதே திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 212ஆம் சட்டம், தம் அறிவுக்கும் தகுதிக்கும் ஏற்ப விசுவாசிகள் தம் கருத்தை மேய்ப்பர்களுக்கு எடுத்துச்சொல்லும் உரிமை உடையவர்கள், சில வேளைகளில் அது கடமையும் ஆகும் என்கிறது. போதனையில் உண்மையாகவே இடர்ப்படுபவருக்கும் வழி இருக்கிறது. மறையியலாளர்களுக்காக 1990இல் உரோமை வெளியிட்ட அறிவுறுத்தல், அத்தகைய இடர்ப்பாட்டைப் பொறுமையோடு ஆராய்ந்து, உரியவர்களிடம் எடுத்துச்சொல்லுமாறு கேட்கிறது. பொதுமக்களைத் திரட்டி நெருக்குவதை அது ஏற்பதில்லை. சந்தேகத்தோடு போராடும் ஒருவரை நான் மறுப்பாளராக நினைக்கவில்லை. படிக்கவும் செபிக்கவும் மறுத்துக்கொண்டே "என் மனச்சாட்சி" என்பவரோடுதான் எனக்கு வழக்கு. நம் நாட்டுக் குருவான திஸ்ஸ பாலசூரிய அடிகளார் தம் நூலில் எழுதிய மறையியல் கருத்துகளுக்காக 1997 ஜனவரியில் திருச்சபை உறவிலிருந்து நீக்கப்பட்டு, மறு ஆண்டு ஜனவரியில் மீண்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டார். இரு பக்கத்துக்கும் அந்த ஓராண்டு எவ்வளவு வலித்தது என்பதை அறிந்தவர்கள் இந்த விடயத்தில் அவசரப்பட்டுப் பேசமாட்டார்கள்.

எங்கள் மறைக்கல்விப் பாடங்களில் அருட்சாதனங்கள் ஏழும் கட்டளைகள் பத்தும் மனப்பாடமாகின்றன. போதனையில் படிநிலைகள் உண்டு என்பதை உறுதிப்பூசுதல் வகுப்பில்கூட நாங்கள் விளக்குவது அரிது. பாலையூற்றுத் திருத்தலத்துக்கு இவ்வளவு பக்தியோடு வரும் மக்களுக்கு இதை விளங்கிக்கொள்ளும் ஆற்றல் இல்லையென்று நினைப்பது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும். மறைமாவட்ட மறைக்கல்விப் பணியாளர்கள் இதற்கு ஒரு தனிப் பாடம் வகுக்க வேண்டும். அதுவரை, மேலே சொன்ன 25ஆம் எண்ணின் தமிழ் வடிவத்தைத் தங்கள் ஞாயிறு இதழில் முழுமையாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கடிதத்தை எழுதிய அன்பரும் அதைப் படித்துவிட்டு, நீசேயா பற்றிய என் கேள்விக்குப் பதில் எழுதுவாராக.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியை ஒருவர்,
பாலையூற்று, திருகோணமலை.