ஒரு பந்துக்கு மூன்று லட்சம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. நீ சொன்ன மாத்திரையை ஒரு வேளை விடாமல் போடுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடிந்து, ஹாஸ்டல் வாசலில் நின்றபடி நீ போட்ட கணக்கு இன்னும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. "2025 ஐபிஎல்லுக்கு கிரிக்கெட் பந்து வீச்சாளர் நடராஜனை டெல்லி அணி 10.75 கோடிக்கு எடுத்ததுப்பா. 14 லீக் ஆட்டம், ஆட்டத்துக்கு 24 பந்து, மொத்தம் 336 பந்து. ஒரு பந்துக்கு 3 லட்சத்து 20 ஆயிரம். என் ஒரு வருஷச் சம்பளமே அவ்வளவு இல்லை" என்றாய். தாளில் போட்டுப் பார்த்தேன். கணக்கு சரிதான். நர்ஸ் வேலைக்கு உனக்கு மாதம் 22 ஆயிரம் என்றால் வருடத்துக்கு 2 லட்சத்து 64 ஆயிரம். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. போனில் கோர்வையாகப் பேச வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

அவருக்கு அந்தப் பணம் தகும். உனக்கு இப்போது கொடுப்பது தகாது. இரண்டையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடாதே, கண்ணு.

31 வருடம் பி.டி. வாத்தியாராக இருந்தவன் நான். பள்ளி மைதானத்தில் கிரீஸ் கோட்டின் மேல் ஒரு பழைய செருப்பை வைத்து, அதன் மேல் விழுகிற மாதிரி பந்து போடச் சொல்வேன், ஞாபகம் இருக்கிறதா? நீயும் வந்து பந்து பொறுக்கிப் போடுவாய். நன்றாக வீசுகிற பையனுக்கே ஓவருக்கு ஒன்று பட்டால் பெரிய விஷயம். கொஞ்சம் முன்னே போனால் ஃபுல்டாஸ், கொஞ்சம் பின்னே விழுந்தால் சிக்ஸர். அதைக் கடைசி ஓவரில், அத்தனை கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே, ஒன்றன்பின் ஒன்றாகப் போடுகிறார் நம்ம சின்னப்பம்பட்டிக்காரர் நடராஜன். அப்பா தறிக்கூடத்தில் கூலி, அம்மாவுக்கு ரோட்டோரக் கடை, இருபது வயது வரை டென்னிஸ் பந்துதான். 2015-ல் ரஞ்சி கோப்பையில் ஆட ஆரம்பித்த உடனேயே பந்து வீசும் முறை சரியில்லை என்று புகார் வந்தது. கை வீச்சை மாற்றி, முதலிலிருந்து கற்றுக்கொண்டு திரும்பி வந்தார். 2021-ல் முழங்காலில் ஆபரேஷன். அந்த ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் இந்திய அணிக்கு ஆடிவிட்டு ஊர் திரும்பியபோது சாரட்டில் ஊர்வலம் வந்தாரே, நானும் போயிருந்தேன். பக்கத்தில் நின்ற தறிக்காரர் ஒருவர் ஒன்றும் பேசாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த 2025 சீசனில் முக்கால்வாசிக்கு மேல் வெளியில்தானே உட்கார்ந்திருந்தார்" என்றும் சொன்னாய். உட்கார்ந்திருந்தார், உண்மை. ஆனால் ஒரு ராத்திரி ஐசியூவில் கேஸ் வரவில்லை என்றால் உன் சம்பளத்தைப் பிடிக்கலாமா? கூப்பிட்டால் எழுந்து நிற்கத் தயாராக இருப்பதற்கும் சேர்த்துத்தான் கூலி.

விளையாட்டுக்காரன் பந்தயம் வைப்பது உடம்பை. கீழத்தெரு கபடிப் பையனை உனக்குத் தெரியும். பெயர் எழுத வேண்டாம். என்னிடம் படித்த பிள்ளைகளில் அவனைப் போல ரெய்டு போனவன் இன்னொருவன் இல்லை. கோயில் திருவிழா ஆட்டத்தில் கோட்டைத் தொடப் பாய்ந்தான், மேலே நாலு பேர் விழுந்தார்கள், முட்டி ஜவ்வு கிழிந்துபோனது. நடத்தியவர்கள் மைதானத்திலேயே துண்டு ஏந்தினார்கள். 4,000 ரூபாய் சேர்ந்தது. அதோடு அவன் ஆட்டம் முடிந்தது, அப்போது அவனுக்கு 22 வயது. நடராஜன் வாங்குவது அதிகம் என்று யார் சொன்னாலும் எனக்கு இவன் முகம்தான் வருகிறது. ஒருத்தருக்குக் கிடைப்பதற்கு முன்னால் எத்தனை முட்டிகள் போகின்றன!

சரி, பணம் எங்கிருந்து வருகிறது? உன் வார்டிலிருந்து வரவில்லை. 2023 முதல் 2027 வரை ஐபிஎல்லைக் காட்டும் உரிமை மட்டும் 48,390 கோடிக்குப் போனது. வருடத்துக்கு 9,600 கோடிக்கு மேல். 2025-க்கு ஒரு அணி வீரர்களை எடுக்கச் செலவழிக்கலாம் என்று வைத்த வரம்பு 120 கோடி. பத்து அணிக்கும் சேர்த்து 1,200 கோடி. அதாவது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. மேட்ச் ஃபீஸ் என்று தனியாகக் கொஞ்சம் உண்டு, ஆனால் டிக்கெட்டும் ஜெர்சி விளம்பரமும் நான் சொன்ன வரவில் சேரவே இல்லை. விக்கெட் கீப்பர் ரிஷப் பண்ட்டுக்கு 27 கோடி என்றதும் ஊரே வாய் பிளந்தது. மீதி ஏழு பங்கு எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. நாளைக்கே அவர்கள் சம்பளத்தைப் பாதியாக்கினால், மிச்சம் முதலாளிகளிடம்தான் தங்கும். உன் கைக்கு ஒரு ரூபாய் வராது.

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில் வருமானத்தில் கிட்டத்தட்ட பாதி வீரர்களுக்குப் போகிறது. யாரும் மனமிரங்கிக் கொடுத்ததில்லை. 1964 ஜனவரியில் பாஸ்டனில், நட்சத்திர வீரர்கள் மோதும் ஆல்ஸ்டார் ஆட்டம். வெளியே பனிப்புயல். ஆட்டம் நாடு முழுக்க டிவியில் வரப்போகிறது. பில் ரஸ்ஸல், ஆஸ்கர் ராபர்ட்சன், ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பேய்லர் எல்லோரும் உடை மாற்றும் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, ஓய்வூதியத்துக்கு வாக்குக் கொடுத்தால்தான் களத்துக்கு வருவோம் என்றுவிட்டார்கள். முதலாளிகள் மிரட்டிப் பார்த்தார்கள். டிவிக்காரர்களுக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசியில் என்பிஏ தலைவர் வால்டர் கென்னடி வாக்குக் கொடுத்த பிறகுதான் வெளியே வந்தார்கள். அவர்கள் அன்றைக்கே பெரிய நட்சத்திரங்கள், ஒருத்தராகப் போய்த் தனக்கு மட்டும் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். சேர்ந்து உட்கார்ந்தார்கள். இதைப் படித்த நாளிலிருந்து விளையாட்டு வகுப்பில் பிள்ளைகளுக்கு வருடம் தவறாமல் சொல்லி வந்தேன். இப்போது ஆடுகிற நம் கிரிக்கெட் வீரர்களுக்கு அப்படி ஒரு சங்கம் இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

இதை உனக்குச் சொல்லக் காரணம் இருக்கிறது. உன் கோபத்தில் ஒரு துளிகூடத் தப்பில்லை. போன தீபாவளிக்கு வந்தபோது, பாத்ரூம் போக நேரமில்லாததால் டூட்டியில் தண்ணீரே குடிப்பதில்லை என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் திண்ணையில் இருந்தேன், காதில் விழுந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கோபத்தை சின்னப்பம்பட்டிப் பக்கம் திருப்பி வீணாக்காதே. கேட்க வேண்டிய இடத்தில் கேள்.

கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. கேரளத்தில் தனியார் ஆஸ்பத்திரி நர்சுகள் சங்கம் வைத்து, வருடக்கணக்கில் போராடி, 2018-ல் குறைந்தபட்சச் சம்பளம் 20 ஆயிரம் என்று அரசாணை வாங்கினார்கள். அதற்கு முன்பே, உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு 2016-ல் ஒரு பரிந்துரை கொடுத்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் ஆஸ்பத்திரியில், அதே தகுதியுள்ள அரசு நர்சுக்கு இணையான சம்பளம் கொடுக்க வேண்டும் என்று. பரிந்துரைதான், சட்டமாகவில்லை. ஆனால் கையில் பிடித்துக்கொண்டு பேச ஒரு காகிதம் இருக்கிறது. உன்னோடு தங்கியிருக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல். தனியாக மட்டும் போய் நிற்காதே.

கபடிப் பையன் இப்போது தறிக்கூடத்தில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறான். சாயங்காலம் முட்டி வீங்கிக்கொள்கிறதாம். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பயிற்சியைச் செய்யச் சொல்லியிருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது அவனை ஒரு தடவை பார்.

வேர்க்கடலையும் நல்லெண்ணெயும் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். உன் ஆஸ்பத்திரியில் மொத்தம் எத்தனை படுக்கை என்று விசாரித்து எழுது.

அப்பா