கிருஷ்ணமூர்த்தி பாதியில் நின்றது ஏன்? வலை வடிவமைப்பு கற்கும் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

ஒரே வாக்கியம் சொன்னால் ஏஐ இணையதளமே கட்டித் தருகிறது என்ற செய்தியைப் படித்துவிட்டு, இனிமேல் எச்டிஎம்எல் படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருந்தாய். செய்தி பொய்யில்லை, கட்டித்தான் தருகிறது. ஆனால் கட்டியது சரியா என்று பார்க்க ஆள் வேண்டும். தமிழ்ப் பக்கம் என்றால் கட்டாயம் வேண்டும். ஆங்கிலத்துக்குப் பொருந்தும் வழக்கங்களையே அது தமிழுக்கும் எழுதி வைத்துவிடும்.

நீ செய்யும் பதிவுப் படிவத்தையே எடுத்துக்கொள். பெயர்க் கட்டத்தில் மேக்ஸ்லெங்த் (நீள வரம்பு) 12 என்று போட்டு, ‘கிருஷ்ணமூர்த்தி’ என்ற பெயரை ஒட்டிப் பார். ‘கிருஷ்ணமூர்த’ என்பதோடு நின்றுவிடும். நம் கண்ணுக்கு அந்தப் பெயரில் எட்டே எழுத்து. உலாவி எண்ணுவதோ யூனிகோட் குறியீடுகளை, அதாவது எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் கணினி வைத்திருக்கும் எண்களை. ‘கி’ என்றால் ககரமும் இகரக் குறியும், ஆக இரண்டு. ‘ஷ்’ என்றால் ஷகரமும் புள்ளியும், அதுவும் இரண்டு. கூட்டிப் பார், 15 வரும். அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். அதனால் பைட்டில் எண்ணும் தரவுத்தளமாக இருந்தால் இந்த ஒரு பெயருக்கே 45 பைட் இடம் வேண்டும். பெயர்க் கட்டத்துக்கு 100க்குக் குறைவாக வரம்பு வைக்காதே.

பயனர் படம் இல்லாதபோது வட்டத்துக்குள் பெயரின் முதல் எழுத்தைக் காட்டுவார்களே, அங்கேயும் இதே கோளாறுதான். முதல் குறியீட்டை மட்டும் வெட்டி எடுத்தால் கோமதி ‘க’ ஆகிவிடுவாள், மீனா ‘ம’ ஆகிவிடுவாள். ஜாவாஸ்கிரிப்டில் இதற்கென்றே இன்ட்ல்.செக்மென்டர் என்ற எழுத்துப் பிரிக்கும் கருவி இருக்கிறது. மொழியை ‘டிஏ’ (தமிழ்) என்றும் பிரிக்கும் அளவான கிரானுலாரிட்டியை ‘கிராஃபீம்’ (முழு எழுத்து) என்றும் கொடுத்தால் ‘கோ’வை முழுதாக எடுத்துத் தரும். குரோமிலும் சஃபாரியிலும் முன்பே இருந்தது. 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸ் 125லும் வந்துவிட்டது. எந்தப் பத்திரிகையும் தலைப்பில் போடாத செய்தி, ஆனால் உனக்கு அதுதான் செய்தி.

அடுத்து தோற்றம். தலைப்புக்கு லைன்-ஹைட் (வரி உயரம்) 1.1 என்று ஏஐ எழுதியிருக்கும். இரண்டு வரித் தலைப்பில் மேல்வரியின் ‘சு’, ‘பு’ கீழே இழுத்த கோடு, கீழ்வரியின் புள்ளியோடும் ‘கீ’யின் சுழியோடும் முட்டும். பெட்டியை மீறுவதை மறைக்கும் ஓவர்ஃப்ளோ ஹிடனும் சேர்ந்தால் கோட்டின் நுனியே வெட்டுப்படும். தலைப்புக்கு 1.4, பத்திக்கு 1.7 வைத்துத் தொடங்கு. பிறகு எழுத்துருவைப் பார்த்துக் கூட்டலாம், குறைக்கலாம். துணைத் தலைப்பைத் தனித்துக் காட்ட அப்பர்கேஸ் போட்டிருந்தால் தமிழில் ஒன்றுமே மாறாது, நமக்குப் பெரிய எழுத்து ஏது? தடிமனையோ நிறத்தையோ மாற்று. நிறம் என்றதும் வெள்ளையில் வெளிறிய சாம்பலுக்குப் போய்விடாதே: #999 நிறத்தின் வேறுபாட்டு விகிதம் 3:1கூட இல்லை, சாதாரண எழுத்துக்கு 4.5:1 வேண்டும்.

பட்டனுக்கு 100 பிக்சல் என்று அகலத்தைக் கட்டிப்போட்டால் ‘சமர்ப்பிக்கவும்’ வெளியே பிதுங்கும். அகலத்தை எடுத்துவிட்டு இரு பக்கமும் 1.25 ரெம் (பக்கத்தின் அடிப்படை எழுத்தளவைப் போல் 1.25 மடங்கு) பேடிங், அதாவது உள் இடைவெளி, கொடு. ‘அனுப்பு’ என்று எழுதிவிட்டால் பாதித் தொல்லை அப்போதே தீர்ந்தது, அது வேறு விஷயம். அந்தப் பட்டன் டிவ்வால், அதாவது வெறும் பெட்டி டேகால், செய்ததா என்றும் பார். மவுஸைத் தொடாமல் டேப் விசையை மட்டும் அழுத்திக்கொண்டே போ. பட்டனில் நிற்காமல் தாண்டிப் போனால் அது வெறும் டிவ். பட்டன் டேகாக மாற்று.

நீ அனுப்பிய செய்திகளில் பாலிஃபில்.ஐஓ விவகாரத்தைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். பழைய உலாவிகளுக்குக் கைகொடுக்க ஆயிரக்கணக்கான தளங்கள் அங்கிருந்து ஒரு ஸ்கிரிப்டை நேரடியாக இழுத்துக்கொண்டிருந்தன. 2024 பிப்ரவரியில் அந்த முகவரி ஃபன்னல் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. ஜூனில் பார்த்தால், அதே ஸ்கிரிப்ட் செல்போனில் வருகிறவர்களை வேறு தளங்களுக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் அந்த ஸ்கிரிப்டை இழுக்கும் வரி இருந்தது. தளத்துக்காரர்கள் தங்கள் கோப்பில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை, கவனி.

ஸ்கிரிப்ட் டேகில் இன்டெக்ரிட்டி பண்புக்கூறு போட்டிருந்தால் தப்பித்திருக்கலாமே என்று கேட்பாய். அது கோப்பின் ஹேஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறி) சரிபார்க்கும், ஒரு பைட் மாறினாலும் ஓடவிடாது. ஆனால் பாலிஃபில் ஒவ்வோர் உலாவிக்கும் வெவ்வேறு நிரலை அனுப்பியது, எந்த ஹேஷை எழுதி வைப்பது? அதனால் பதிப்பு எண் மாறாத கோப்புகளுக்கு மட்டும் இன்டெக்ரிட்டி போடு, கூடவே கிராஸ்ஆரிஜின் அனானிமஸும் போடு. அதை விட்டால் வேறு தளத்திலிருந்து வரும் கோப்பைச் சரிபார்க்க வழியில்லாமல் உலாவி தடுத்துவிடும். சின்ன நூலகம் என்றால் இறக்கி உன் சர்வரிலேயே வைத்துக்கொள்.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2024 மார்ச் 12 முதல் பக்கம் எவ்வளவு விரைவாகப் பதில் தருகிறது என்று அளக்க, கூகுள் எஃப்ஐடி (முதல் தட்டலின் தாமதம்) அளவையை விட்டு ஐஎன்பிக்கு (எல்லாத் தட்டல்களையும் பார்க்கும் அளவை) மாறிவிட்டது. தட்டியதும் திரையில் மாற்றம் தெரிய 200 மில்லிசெகண்டுக்குள் என்றால் நல்லது, 500ஐத் தாண்டினால் மோசம். உன் லேப்டாப்பில் எல்லாமே வேகமாகத்தான் தெரியும். குரோமின் டெவ்டூல்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் சிபியுவை 4 மடங்கு மெதுவாக்கிவிட்டு, தேடல் கட்டத்தில் தமிழில் தட்டச்சு செய். எழுத்து விரலுக்குப் பின்னால் தயங்கித் தயங்கி வந்தால், ஒவ்வொரு விசைக்கும் முழுப் பட்டியலையும் திரும்ப வரைகிறாய் என்று அர்த்தம். தட்டச்சு நின்றபின் 250 மில்லிசெகண்ட் பொறுத்து வரையச் சொல்.

படிவத்தைத் திருத்தியதும் சுட்டியை அனுப்பு, போனில் திறந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்