பதினோராம் வசனத்துக்கு முன்னால்

பெங்களூரு
ஜனவரி 3

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிறிஸ்துமஸுக்கு மறுநாளே வந்துவிட்டது, நான்தான் பதில் எழுதாமல் வைத்திருந்தேன். போன வருஷம் எப்படிப் போனது, இந்த வருஷத்துக்கு என்ன தீர்மானம் என்று கேட்டிருந்தாய். ஹாஸ்டல் காலத்திலிருந்து ஜனவரிக்கு ஜனவரி நீ கேட்கிற கேள்விதான், ஆனால் இந்தத் தடவை ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை.

31ஆம் தேதி ராத்திரி ஆராதனை முடிந்து சிவாஜிநகரிலிருந்து கிளம்பும்போது மணி பன்னிரண்டே முக்கால். புத்தாண்டுக் கூட்டத்துக்காக மேம்பாலங்களை மூடிவிட்டார்கள், எம்.ஜி. ரோடு பக்கம் தலைகாட்டவே முடியாது, சுற்றிச் சுற்றி லிங்கராஜபுரம் வந்துசேர ஒரு மணி நேரம் ஆனது. பிள்ளைகள் பின்சீட்டில் தூங்கிவிட்டார்கள். என் மனைவி மடியில் நான்கு பேருடைய புது வாக்குத்தத்த அட்டைகளும் இருந்தன, புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வேத வசனம் போட்டுச் சபையில் கொடுப்பார்களே, அதுதான். நான் போன வருஷத்து அட்டையை நினைத்துக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

போன வருஷம் எனக்கு வந்தது எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்கிற வசனம், நம் ஊரில் அதை மாட்டாத வீடு குறைவு. எனக்கு ஒரே சந்தோஷம். பீரோ கதவில் ஒட்டி, பதவி உயர்வு வரப்போகிறது என்று நானே அதற்கு அர்த்தமும் போட்டுக்கொண்டேன். மே மாதம் வேலை போனது. பதினோரு வருஷம் வேலை பார்த்த இடம், பதினைந்து நிமிஷ வீடியோ காலில் முடித்துவிட்டார்கள், சாயங்காலத்துக்குள் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். உன்னிடம் போனில் தைரியமாகப் பேசினேன் இல்லையா, அது உண்மை இல்லை மக்கா. ராத்திரி தூக்கம் வராமல் எழுந்து வந்து அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் கர்த்தர் மேல் கோபம்தான் வந்தது.

அப்படி ஒரு ராத்திரிதான் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து படித்தேன். அது ஒரு கடிதம். எருசலேமில் இருந்த எரேமியா, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதி அனுப்பியது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லோரும் ஊர் திரும்பிவிடலாம் என்று சொல்கிறான். எரேமியாவோ எழுபது வருஷம் என்கிறார், அதுவும் நம் அட்டை வசனத்துக்கு நேர் முந்தின பத்தாம் வசனத்தில். அதுவரை என்ன செய்யவேண்டும் என்பதும் இருக்கிறது: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம் பண்ணுங்கள். நாற்பது வருஷமாக எனக்குத் தெரிந்த வசனம், அதற்கு மேலே இருந்த வரிகளை நான் ஒருநாளும் நின்று படித்ததில்லை.

நாகர்கோவிலில் ரயில் ஏறும்போது அப்பாவிடம் நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா, நீயும் பக்கத்தில்தான் நின்றாய். "இரண்டு வருஷம்தான் அப்பா, வந்துருவேன்." பதினாறு வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பதினாறு வருஷமும் பெட்டியைக் கட்டி வைத்த மாதிரியே இங்கே இருந்திருக்கிறேன். கன்னடம் கடைக்கும் ஆட்டோவுக்கும் போதுமான அளவு தெரியும், அவ்வளவுதான். எதிர்வீட்டு அஜ்ஜி, பாட்டியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள், தினமும் "ஊட்டா ஆய்த்தா", சாப்பிட்டாச்சா, என்று கேட்பார், நான் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவேன்.

வேலை இல்லாத அந்த நாலு மாதம் பிள்ளைகளை நான்தான் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிப்போனேன். அப்போதுதான் தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்றே தெரிந்தது. அஜ்ஜியின் மகன் துபாயில் இருக்கிறாராம், மாத்திரை வாங்கக்கூட ஆள் இல்லை, அதனால் மருந்துக்கடைக்கு நான் போய்வர ஆரம்பித்தேன். சபையில் செக்யூரிட்டி வேலை பார்க்கிற ஒரு தம்பி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன், ஒருநாள் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணிவிட்டு என் கையில் ஐந்நூறு ரூபாயை வைத்து அமுக்கிவிட்டுப் போனான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் சம்பளத்தில் ஐந்நூறு ரூபாய் என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஐந்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் அவனைப் பார்த்திருக்கிறேன், அதற்கு முன்னால் அவன் பேரைக்கூட நான் கேட்டதில்லை.

செப்டம்பரில் வேறு வேலை கிடைத்தது, சம்பளம் பழையதில் முக்கால்வாசி. ஸ்தோத்திரம், போதும்.

சரி, தீர்மானத்துக்கு வருகிறேன். வழக்கமாக நான் போடுகிற பட்டியல் உனக்குத் தெரியும். வேதாகமத்தில் மொத்தம் 1189 அதிகாரம், வாரநாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்று படித்தால் வருஷத்தில் முடிந்துவிடும் என்று சண்டே ஸ்கூலில் சொல்லிக்கொடுத்த கணக்கு. ஜனவரி கடைசியில், பலிகளும் சட்டங்களுமாக இருக்கிற லேவியராகமம் வரும், அங்கேயே நின்றுவிடுவேன். அதனால் இந்த வருஷம் அந்தக் கணக்கே வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். எரேமியாவை மட்டும், மொத்தம் 52 அதிகாரம், வாரத்துக்கு ஒன்று, முன்னும் பின்னும் பார்த்துப் படிக்கப் போகிறேன். நீயும் சேர்ந்து படித்தால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனில் பேசலாம்.

இன்னொன்று கன்னடம். சின்னவள் பள்ளியில் படிக்கிறாள், அவளோடு உட்கார்ந்து நானும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். குடும்ப ஜெபத்தில் இந்த ஊருக்காகவும் ஜெபிக்கிறோம், தண்ணீருக்காக, ரோட்டுக்காக, தெருவில் இருக்கிறவர்களைப் பேர் சொல்லி. ஊரை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. அப்பா கல்லறைக்குப் போகாமல் எனக்கு எந்த வருஷமும் முடியாது. ஆனால் நாளைக்கே கிளம்பப்போகிறவன் மாதிரி இருந்தது போதும் என்று தோன்றுகிறது. கிறிஸ்துமஸுக்கு அஜ்ஜிக்கு முந்திரிக்கொத்து கொண்டுபோய்க் கொடுத்தோம், மறுநாள் ஒரு தூக்கு நிறைய அவரேகாளு சாறு, நம் மொச்சைக் குழம்பு மாதிரி, வந்தது. இப்போது "ஊட்டா ஆய்த்தா" என்றால் நின்று, என்ன சாப்பிட்டேன் என்று தப்பும் தவறுமாகச் சொல்கிறேன்.

இந்த வருஷத்து அட்டையை இன்னும் பீரோவில் ஒட்டவில்லை, அதிகாரம் முழுதும் படித்துவிட்டு ஒட்டலாம் என்று வைத்திருக்கிறேன். உனக்கு என்ன வசனம் வந்தது?

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் எந்தத் தேதி என்று நீ எழுதவே இல்லையே. தேதியும் நேரமும் சொல், அந்த நேரத்தில் இங்கே நாங்கள் நாலு பேரும் முழங்காலில் இருப்போம். ஊசி என்றால் அம்மாவுக்குப் பயம், பக்கத்திலேயே இரு.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்