அப்பாவின் ரெக்கார்டுகளும் பெரியவனின் வைஃபை ஸ்பீக்கரும்

ஸ்கார்பரோ, டொரண்டோ
ஜனவரி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, அத்தான் ஒருவழியாகச் சர்க்கரை மாத்திரை போட ஒத்துக்கொண்டார் என்று படித்ததும் மனசு லேசாயிற்று. பெரியவன் கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்ததற்கு முதலில் பதில் எழுதிவிடுகிறேன். பரணிலிருந்து இறக்கிய அப்பாவின் ரெக்கார்டுகளைத் தன் வைஃபை ஸ்பீக்கரில் கேட்க முடியுமா என்கிறான். முடியும். ஆனால் நடுவில் என்ன வேண்டும் என்று தெரியாமல் காசை இறைக்க வேண்டாம் என்று சொல்.

இதே வேலையைப் போன மாதம் கீழ்வீட்டுப் பெரியவருக்குச் செய்துகொடுத்தேன். துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையைத் தட்டி என்னைக் கூப்பிடுவாரே, அந்தப் போர்த்துகல்காரர்தான். சனிக்கிழமை ஆனால் திரைச்சீலையை எல்லாம் இழுத்து மூடிவிட்டு, ஃபாடோ என்ற அவர் ஊர்ப் பாட்டு ரெக்கார்டு ஒன்றின் ஒரே பக்கத்தைப் போட்டுக்கொண்டிருப்பார். மகள் அவருக்கு இரண்டு சோனோஸ் எரா 100 வைஃபை ஸ்பீக்கர் அனுப்பியிருந்தாள். ரெக்கார்டு பிளேயரின் வயரை ஓர் அடாப்டர் மட்டும் போட்டு அதில் செருகினால் சத்தம் கொசு பாடுகிற மாதிரி வந்தது. பெரியவனுக்கும் முதலில் இதுதான் நடக்கும், அதனால் காரணத்தை எழுதுகிறேன்.

ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக்கும் காந்த கார்ட்ரிட்ஜ் தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட்தான். ஸ்பீக்கரின் லைன்-இன், அதாவது வெளியிலிருந்து பாட்டை வாங்கும் துளை, எதிர்பார்ப்பது சில நூறு மில்லிவோல்ட். அது மட்டுமில்லை, தட்டில் பாட்டைப் பதியும்போதே கனத்த ஒலியைக் குறைத்து, மெல்லிய கீச்சொலியை ஏற்றித்தான் பதிகிறார்கள். 1954-இல் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிகளின் சங்கம் வகுத்த கணக்கு அது. ஃபோனோ ப்ரீஆம்ப் என்ற சின்னப் பெட்டி சிக்னலைச் சுமார் 100 மடங்கு ஏற்றி, அந்தக் கணக்கையும் திருப்பிச் சரிசெய்கிறது. அது இல்லாவிட்டால் வால்யூமை எவ்வளவு திருகினாலும் மிருதங்கத்தின் தொப்பி கேட்காது.

சில பிளேயர்களில் ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கும். ஆடியோ-டெக்னிகா எல்பி60எக்ஸ் அப்படித்தான். பின்பக்கம் ஃபோனோ, லைன் என்று ஒரு சுவிட்ச் உண்டு. லைனில் வைத்தால் தனிப் பெட்டி தேவையில்லை. லைனிலும் வைத்து வெளியே ப்ரீஆம்பும் போட்டால் இரண்டு முறை ஏறி, குரல் கிழிந்துபோகும்.

வரிசை இதுதான்: பிளேயர், ப்ரீஆம்ப், ஸ்பீக்கரின் லைன்-இன். சிவப்பு வலது, வெள்ளை இடது. பிளேயரிலிருந்து தனியாக ஒரு மெல்லிய எர்த் வயர் வந்தால் அதை ப்ரீஆம்பின் திருகில் இறுக்க வேண்டும். விட்டுவிட்டால் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் ஓயாது. பிளேயருக்கும் ப்ரீஆம்புக்கும் நடுவில் கேபிள் குட்டையாக இருக்கட்டும், அதற்கப்புறம் கொஞ்சம் நீளமானாலும் பாதகமில்லை.

ஸ்பீக்கரில் லைன்-இன் துளை இருக்கிறதா என்று அவன் முதலில் பார்க்கட்டும். எரா 100-இல் இருப்பது யூஎஸ்பி-சி. அதற்கான லைன்-இன் அடாப்டரைத் தனியாக வாங்க வேண்டும். சோனோஸ் ஃபைவில் 3.5 மி.மீ. துளை, சோனோஸ் போர்ட் என்ற பெட்டியில் ஆர்.சி.ஏ. என்ற சிவப்பு-வெள்ளைத் துளைகள். சோனோஸ் ஒன்னில் ஒன்றுமே கிடையாது. ஆனால் வீட்டில் ஏதாவது ஒன்றில் லைன்-இன் இருந்தால் போதும், மற்றவை வைஃபை வழியாக அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். பிளேயர் கூடத்தில் ஓட, அம்மா பின்னறையில் படுத்தபடியே கேட்கலாம். இதற்காகவே இதைச் செய்யலாம் என்பேன்.

போனில் உள்ள சோனோஸ் ஆப்பில் லைன்-இன் தாமதம் 75 மில்லிசெகண்டில் இருக்கும். நடுநடுவே பாட்டு அறுந்தால் அதைக் கூட்ட வேண்டும். ரெக்கார்டுக்குத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. ப்ளூடூத் மட்டும் உள்ள ஸ்பீக்கர் என்றால் ப்ரீஆம்புக்குப் பின்னால் ஒரு ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டர் போட்டால் போதும். எதுவானாலும் பிளேயரையும் ஸ்பீக்கரையும் ஒரே மேசையில் வைக்கக் கூடாது. ஸ்பீக்கரின் அதிர்வு ஊசிக்குப் போய், அது திரும்ப ஸ்பீக்கருக்கு வந்து ஊளையிடும்.

அப்பாவின் பழைய பிளேயரில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அந்தக் காலத்துப் பெட்டிகளில் பெரும்பாலும் கிரிஸ்டல் அல்லது செராமிக் கார்ட்ரிட்ஜ். கிரிஸ்டலில் இருப்பது ரோஷெல் உப்பு. நம் ஊர்ச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் அது செத்திருக்கும். செராமிக் தாங்கும், சிக்னலும் பெரிது, அதற்கு ஃபோனோ ப்ரீஆம்ப் போடவே கூடாது. எதுவானாலும் தேய்ந்த பழைய ஊசியை அப்பாவின் தட்டில் வைக்க விடாதே, பள்ளத்தைச் சீவிவிடும்.

இங்கிருந்து ஒரு பிளேயர் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தாய். இங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஏசி மோட்டார் வைத்தது என்றால் நம் 50 ஹெர்ட்ஸில் 33⅓ சுற்றுக்குப் பதில் 28 கூட வராது, பாட்டு இழுக்கும். டிசி அடாப்டரில் ஓடுவதற்கு அந்தச் சிக்கல் இல்லைதான், ஆனாலும் தபால் செலவு, சுங்கம் எல்லாம் பார்த்தால் அங்கேயே வாங்குவதுதான் புத்தி. வேறு காரணம் ஒன்றுமில்லை. வேலை நன்றாகப் போகிறது. ஓவர்டைமைக் குறைத்திருக்கிறார்கள், ஓய்வு நிறையக் கிடைக்கிறது.

ரெக்கார்டுகளைத் துடைக்கும் விஷயம். இங்கே குளிரில் ஹீட்டர் ஓடி ஓடி வீட்டுக் காற்று வறண்டுவிடும். கதவுப் பிடியைத் தொட்டால் பொறி பறக்கும். ரெக்கார்டும் அப்படியே தூசியை இழுத்து ஒட்டிக்கொள்கிறது, கார்பன் ஃபைபர் பிரஷ் இல்லாமல் முடியாது. அங்கே பூஞ்சைதான் பிரச்சினை. டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு சொட்டு விட்டு, மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். நடுவில் ஒட்டிய காகிதம் நனையக் கூடாது. அடியில் கனமான 78 சுற்றுத் தட்டுகள் கிடக்கும், அவை அரக்கு. ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். அவற்றுக்கு ஊசியும் வேறு, சாதாரண எல்.பி. ஊசியைவிட மூன்று, நான்கு மடங்கு பருமன். எல்லாவற்றையும் நிறுத்தி வை, அடுக்காதே.

பெரியவர் ஊசியை இறக்கியதும் பாட்டுக்கு முன்னால் ஒரு கரகரப்பு வந்தது. அவருடைய பாட்டில் எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் அந்தக் கரகரப்பில் நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமை அப்படியே இருந்தது: தலையில் எண்ணெயோடு நீயும் நானும், வேட்டி நுனியால் தட்டைத் துடைக்கிற அப்பா. பக்கம் முடியும் வரை எழுந்திருக்க முடியவில்லை. உங்களையெல்லாம் பார்க்க வேண்டும் போலிருக்கிறது, அக்கா.

சரி, நிலத்து விஷயம். பவர் பத்திரத்தை இங்கே டொரண்டோ இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்புகிறேன். அது உன் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் பதிவு அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும், அத்தானிடம் சொல்லிவை. சித்தப்பா கிழக்கு வரப்பைப் பற்றிப் பேச வந்தால் சர்வேயர் அளக்கும் வரை எதற்கும் தலையாட்டாதே. சின்னவளின் கல்லூரிப் பணம் இந்த முறை பத்துத் தேதி வாக்கில் வரும், கவலைப்படாதே. பெரியவன் ஸ்பீக்கரின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பட்டும், எந்த அடாப்டர் வாங்குவது என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் தம்பி